உதட்டுக் கொப்புளத்துக்கு வாலாசைக்ளோவிர் 2-0-2, ஒரே நாள்: சீட்டு சரியா? க்ரீம் மட்டும் போதாதா?

டோல்கேட்_கவுண்டர்

வணக்கம். தண்டையார்பேட்டை பக்கம் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட்டாக இருக்கிறேன். கத்திரி வெயில் வந்தாலே உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் என்று வருகிறவர்கள் கூடிவிடுகிறார்கள். காசிமேட்டுப் படகுக்காரர்கள், துறைமுக லாரி டிரைவர்கள், பரீட்சை முடிந்து காய்ச்சலில் விழுந்த பிள்ளைகள் என்று பல பேர். பாதிப் பேர் "பல்லி எச்சம் பட்டுடுச்சு, ஏதாவது க்ரீம் குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள்.

ஒரு தோல் டாக்டரின் சீட்டில் வாலாசைக்ளோவிர் 1 கிராம், 2-0-2, ஒரு நாள் என்று இருக்கிறது. இன்னொரு டாக்டர் அதே தொல்லைக்கு அசைக்ளோவிர் 400, தினம் ஐந்து வேளை, ஐந்து நாள் எழுதுகிறார். 2-0-2 சீட்டைப் பார்த்தவர் "ஒரே நாளில் நாலு கிராமா, எழுத்துப் பிழையா?" என்று பயந்து, ஒரு மாத்திரை மட்டும் கேட்கிறார். எது சரி? வெறும் அசைக்ளோவிர் 5% க்ரீம் போட்டால் போதாதா? வாயெல்லாம் புண்ணாகிக் காய்ச்சலோடு வரும் சின்னக் குழந்தைக்கும் இதே கணக்குதானா? கவுண்டரில் நின்று இரண்டு நிமிடத்தில் சொல்கிற மாதிரி விளக்கினால் உதவியாக இருக்கும்.

---

மூலக்கடை_தோல்

இரண்டு சீட்டும் சரிதான். 2-0-2 எழுத்துப் பிழை இல்லை. உதட்டு ஹெர்பிஸுக்கு (ஹெர்பிஸ் வைரஸால் உதட்டில் வரும் இந்தக் கொப்புளத்துக்கு) வாலாசைக்ளோவிரின் அளவே அதுதான்: 2 கிராம், 12 மணி நேரம் கழித்து இன்னொரு 2 கிராம், அதோடு முடிந்தது. 1 கிராம் மாத்திரை என்றால் மொத்தம் நாலு, 500 மி.கி. என்றால் எட்டு. இரண்டாம் நாளும் தொடர்வதால் கூடுதல் பலன் இல்லை. இந்த ஒருநாள் கணக்கு 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. ஃபாம்சிக்ளோவிர் என்றால் 1500 மி.கி. ஒரே தடவை, 500 மாத்திரை மூன்றைச் சேர்த்து விழுங்க வேண்டும், மூன்று வேளையாகப் பிரிக்கக் கூடாது.

அசைக்ளோவிருக்கு ஏன் ஐந்து வேளை? விழுங்கிய மாத்திரையில் 15 முதல் 20 சதவீதம்தான் ரத்தத்தில் சேர்கிறது. சேர்ந்ததிலும் பாதி சுமார் மூன்று மணி நேரத்தில் சிறுநீரோடு போய்விடும். அதனால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று இடைவிடாமல் போட வேண்டியிருக்கிறது. வாலாசைக்ளோவிர் உடம்புக்குள் போய் அசைக்ளோவிராகத்தான் மாறுகிறது. ஆனால் பாதிக்கு மேல் ரத்தத்தில் சேரும். வேளை குறைவதற்குக் காரணம் அதுதான். வேறு மருந்து என்பதால் இல்லை.

உண்மையில் சிக்கல் மருந்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. கொப்புளம் வெளியே தெரிவதற்குப் பல மணி நேரம் முன்பே அந்த இடத்தில் சுருசுருவென்று எரியும், குத்தும், அரிக்கும், லேசாகத் தடிக்கும். வைரஸ் வேகமாகப் பெருகுவது அப்போதுதான். முதல் மாத்திரை அந்த நேரத்தில் உள்ளே போனால் ஏழு முதல் பத்து நாள் இழுக்கிற புண் சுமார் ஒரு நாள் முன்னதாக ஆறும். சிலருக்குக் கொப்புளமே எழும்பாமல் அடங்கும். நீர் உடைந்து பொருக்குத் தட்டிய பிறகு வருகிறவருக்கு மாத்திரை கொடுத்துப் பெரிய பயன் இல்லை. அந்தக் கட்டத்தில் வாஸ்லின் தடவி வெடிக்காமல் காக்கச் சொன்னால் போதும். "மருந்து வேலை செய்யல சார்" என்று திரும்பி வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் மூன்றாம் நாள் ஆரம்பித்திருப்பார்கள்.

அடிக்கடி வருகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது: வராத நாளிலேயே டாக்டரைப் பார்த்து, அடுத்த தடவைக்கான ஒருநாள் கோர்ஸுக்குச் சீட்டு வாங்கி, மாத்திரையை வீட்டில் வைத்திருங்கள். எரிச்சல் ராத்திரி பதினொன்றுக்கு ஆரம்பித்தால் பதினொன்றுக்கே போடலாம். மறுநாள் ஓபி சீட்டுக்கு வரிசையில் நிற்கும் நேரத்தில் வாய்ப்பு கைநழுவிவிடும். வருஷத்துக்கு ஆறு தடவைக்கு மேல் வந்தாலோ, ஒவ்வொரு தடவையும் முகமெல்லாம் பரவினாலோ தினசரி தடுப்பு மாத்திரை பற்றிப் பேசலாம். அதற்கு அசைக்ளோவிர் 400 காலை, இரவு. அல்லது வாலாசைக்ளோவிர் 500 தினம் ஒன்று. சில மாதம் கொடுத்து நிறுத்திப் பார்ப்போம்.

எந்த மாத்திரையும் வைரஸை உடம்பை விட்டு விரட்டாது. காதுக்கு முன்னால் உள்ளே இருக்கும் முக நரம்பு முடிச்சில் அது ஆயுசுக்கும் உறங்கும். வெயில், காய்ச்சல், மாதவிடாய், பல் பிடுங்குவது, தூக்கம் கெடுவது இதெல்லாம் எழுப்பிவிடும். கடலுக்குப் போகிறவர்களுக்குத் தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயிலும் சேர்ந்து அடிப்பதால், எஸ்.பி.எஃப். 30 உள்ள லிப் பாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, சாப்பிட்டு வாய் துடைத்த பிறகு மறுபடியும். மாத்திரை விற்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் சார்.

---

கல்மண்டபம்_பார்ம்டி

க்ரீம் கேள்விக்கு வருகிறேன். அசைக்ளோவிர் 5% க்ரீமால் கிடைப்பது சுமார் அரை நாள் லாபம், அதுவும் எரிச்சல் கட்டத்திலேயே ஆரம்பித்து, விழித்திருக்கும் நேரத்தில் நாலு மணிக்கு ஒரு தடவை என்று ஐந்து தடவை, நாலைந்து நாள் போட்டால். காலையில் ஒன்று, படுக்கும்போது ஒன்று என்று போடுகிறவருக்கு அந்த அரை நாளும் கிடைக்காது. தோலின் மேல் அடுக்கைத் தாண்டி வைரஸ் இருக்கும் ஆழத்துக்குப் போகும் மருந்து மிகக் கொஞ்சம். கையில் காசு கம்மி, ஏதோ ஒன்றுதான் வாங்க முடியும் என்று ஒருவர் நின்றால் மாத்திரை பக்கம் சொல்லுங்கள். சீட்டு வேண்டிய மருந்து என்பதையும் சொல்லிவிடுங்கள். ஜெனரிக் விலைக்கு மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் விசாரிக்கச் சொல்லலாம்.

க்ரீம்தான் என்று முடிவானால் போடும் விதம்: கை கழுவி, காட்டன் பட்ஸ் நுனியில் பச்சைப்பயறு அளவு எடுத்து, எரியும் இடத்திலும் அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல தோலிலும் ஒற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் கொப்புளம் உடைந்து பக்கத்தில் பரவும். உபயோகித்த பட்ஸை மறுபடி ட்யூபில் வைக்கக் கூடாது. திரும்பக் கை கழுவிய பிறகுதான் கண்ணைத் தொடலாம், லென்ஸ் போடலாம். ட்யூபை பைக் டிக்கியிலோ, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உள்ள பலகையிலோ வைத்தால் மே மாதத்தில் எண்ணெய் தனியாகத் தண்ணீர் தனியாகப் பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்ததை வீசிவிட வேண்டியதுதான்.

இதைவிட முக்கியமாக, நம்ம கடைகளில் நடக்கும் ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். "தோல் க்ரீம்" என்று கேட்டவுடன் ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து எல்லாம் கலந்த க்ரீமை எடுத்து நீட்டுவது. முதல் நாள் சிவப்பும் வீக்கமும் குறைந்த மாதிரி இருக்கும். ஸ்டீராய்டு அந்த இடத்தின் எதிர்ப்பைக் குறைத்துவிடுவதால் வைரஸ் தடையில்லாமல் பெருகி, இரண்டு மூன்று நாளில் புண் அகலமாகி ஆழமாகும். கண் அருகே என்றால் விளைவு பார்வை வரைக்கும் போகும். ட்யூபின் மேல் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் கொப்புளத்துக்குக் கொடுக்கவே கூடாது. சுண்ணாம்பு, டூத்பேஸ்ட், பச்சைக் கற்பூரம் இதெல்லாம் வைத்து உதட்டைப் பொசுக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அது ஹெர்பிஸ் புண்ணின் மேல் இன்னொரு வெந்த புண்.

அசைக்ளோவிர் ஏன் இவ்வளவு பாதுகாப்பான மருந்து என்று வாடிக்கையாளர் கேட்டால் இதைச் சொல்லுங்கள். அது உள்ளே போகும்போது செயலற்ற பொருள். வைரஸ் புகுந்த செல்லில் மட்டும், வைரஸே தயாரிக்கும் தைமிடின் கைனேஸ் என்ற நொதி அதற்கு முதல் பாஸ்பேட்டை ஒட்டி உயிர் கொடுக்கிறது. மீதி இரண்டு பாஸ்பேட்டையும் நம் செல் ஒட்டுகிறது. அந்த வடிவம் வைரஸின் டி.என்.ஏ. சங்கிலிக்குள் கண்ணியாகப் புகுந்ததும் அடுத்த கண்ணியைக் கோக்க இடமில்லாமல் சங்கிலி நின்றுவிடும். நல்ல செல்லில் அந்த நொதி இல்லாததால் மருந்து பெரும்பாலும் சும்மா கிடந்து வெளியேறிவிடும். 1988-ல் மருத்துவ நோபல் பெற்றவர்களில் ஒருவரான கெர்ட்ரூட் எலியனின் குழு வளர்த்தெடுத்த மருந்து இது. வைரஸ் பெருகாதபோது மருந்துக்கு வேலையே இல்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். மூலக்கடை டாக்டர் சொன்ன நேரக் கணக்கின் அடிப்படையும் இதுதான்.

கொப்புளம் என்று வருவதெல்லாம் ஹெர்பிஸ் இல்லை, கவனியுங்கள். வாய்க் கோணம் இரண்டு பக்கமும் வெடித்து வெள்ளையாக ஊறியிருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை, பி வைட்டமின் அல்லது இரும்புச் சத்துக் குறைவு, இல்லை சரியாகப் பொருந்தாத பல்செட். கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம் வட்டமாக வெள்ளைப் புண் ஒன்றிரண்டு என்றால் ஆப்தஸ் என்ற சாதாரண வாய்ப்புண். அசைக்ளோவிர் ஒன்றும் செய்யாது. தேன் நிறத்தில் பொருக்குத் தட்டி மூக்கோரம் பரவினால் பாக்டீரியா, அதற்கு வேறு மருந்து. சின்னச் சின்ன நீர்க் கொப்புளம் ஒரே இடத்தில் கொத்தாக, ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட அதே மூலையில், வருவதற்கு முன் எரிச்சல்: இது மூன்றும் சேர்ந்தால்தான் நம்ம ஆள்.

---

வியாசை_செவிலி

குழந்தை விஷயம் நான் சொல்றேன் அண்ணா. ஒண்ணுலேர்ந்து அஞ்சு வயசு வரைக்கும் முதல் தடவை வர்றப்போ உதட்டோட நிக்காது. நல்ல காய்ச்சல், ஈறு ரத்தச் சிவப்பா வீங்கித் தொட்டா ரத்தம் வரும், உதடு, நாக்கு, ஈறுன்னு வாயோட முன்பக்கம் பூரா புண்ணு, எச்சில் ஒழுகிட்டே இருக்கும், தண்ணிகூட முழுங்காது. பெரியவங்களோட 2-0-2 இதுக்குப் பொருந்தாது. முதல் மூணு நாளுக்குள்ள ஆரம்பிச்சா அசைக்ளோவிர் கிலோவுக்கு 15 மி.கி., தினம் அஞ்சு வேளை, ஏழு நாள். ஒரு வேளைக்கு 200 மி.கி.க்கு மேல போறதில்ல. டாக்டர் எடை பார்த்து எழுதணும்.

கடையில தப்பு நடக்கிறது மில்லிக் கணக்குல. 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. பாட்டில்ல 5 மில்லிக்கு 400 மி.கி.ன்னு இருந்தா அது 1.9 மில்லி. 5 மில்லிக்கு 200 மி.கி.ன்னு இருந்தா 3.75 மில்லி. பிராண்ட் மாத்திக் குடுத்துட்டு மில்லிய மாத்தாம விட்டா மருந்து பாதியாகும், இல்ல ரெட்டிப்பாகும். மூடியில ஊத்தி அளக்க விடாதீங்க, ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒண்ணு கூடவே குடுத்து, எந்தக் கோடு வரைக்கும்னு பேனாவால குறிச்சுக் குடுங்க. குடுக்கிறதுக்கு முன்னாடி நல்லாக் குலுக்கணும், அடியில மருந்து தங்கிடும். சிரப் கிடைக்கலைன்னா தண்ணியில கரையுற அசைக்ளோவிர் மாத்திரை இருக்கு, அதை எவ்வளவு தண்ணியில கரைச்சு எவ்வளவு குடுக்கணும்னு டாக்டர்கிட்டயே எழுதி வாங்கிக்கங்க.

கை, கால், வாய் நோயும் நம்ம பக்கம் பால்வாடி, எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு நிறைய வரும். உள்ளங்கை, பாதம், புட்டத்துல கொப்புளம் இருந்தா அது வேற வைரஸ், அசைக்ளோவிர் தண்டம். தொண்டைக்குள்ள பின்பக்கம் மட்டும் புண்ணு, ஈறு நல்லா இருக்குன்னாலும் ஹெர்பிஸ் இல்ல.

மருந்தைவிட இந்தக் குழந்தைங்க ஆஸ்பத்திரியில சேர்றது தண்ணி வத்திப் போயித்தான். சாப்பாட்டுக்கு முன்னாடி அரை மணி நேரம் பாரசிட்டமால், எடைக்கு ஏத்த அளவு. அப்புறம் சில்லுன்னு இளநீ, உப்புக் கம்மியா மோர், ஆறின கஞ்சி, ஸ்பூன் ஸ்பூனா. ஆரஞ்சு ஜூஸ், ரசம் வேண்டாம், எரியும். ஆறேழு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலை, அழுதா கண்ணீர் வரலைன்னா உடனே ஸ்டான்லிக்கோ எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ தூக்கிட்டுப் போகணும். வாய்ப்புண் ஜெல் கேட்டா ரெண்டு வயசுக்குக் கீழ பென்சோகெயின் இருக்கிறதைக் குடுக்காதீங்க, ரத்தம் ஆக்சிஜன் சுமக்க முடியாமப் போற ஆபத்து இருக்கு. ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் கூடாது.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். பிறந்து ஒரு மாசம் ஆகாத குழந்தைக்குக் கொப்புளமோ, காய்ச்சலோ, பால் குடிக்காம சோர்வோ இருந்தா கவுண்டர்ல ஒரு சொட்டு மருந்தும் குடுக்காம நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுங்க. அது ரத்தக் குழாய் வழியா அசைக்ளோவிர் 14 லேர்ந்து 21 நாள் போடுற வியாதி, மணிக்கணக்குல மோசமாகும். உதட்டுல புண்ணு இருக்கிற மாமா, அத்தை, பாட்டி யாரா இருந்தாலும் பொருக்கு உதிர்ந்து தோல் ஆறுற வரைக்கும் குழந்தைக்கு முத்தம் குடுக்கக் கூடாது. அம்மாவுக்கே இருந்தா மாஸ்க் போட்டு, கை கழுவிட்டுப் பால் குடுக்கலாம், மார்புல புண்ணு இல்லாத வரைக்கும்.

---

டோல்கேட்_கவுண்டர்

ரொம்ப நன்றி. 2-0-2 சீட்டுக்கு இனிமேல் தைரியமாக நாலு மாத்திரையும் கொடுப்பேன். இன்னும் இரண்டு கேள்வி. டயாலிசிஸ் போகிறவர், கிரியாட்டினின் ஏறிய சர்க்கரை நோயாளி என்று பலர் வருகிறார்கள். அவர்களுக்கும் அதே 2 கிராமா? அப்புறம், அந்தரங்க இடத்தில் வருவதற்கும் உதட்டுக்கு எழுதிய பழைய சீட்டையே காட்டிக் கேட்கிறார்கள், கூச்சத்தில்.

---

கல்மண்டபம்_பார்ம்டி

கிட்னி விஷயத்தில் கண்டிப்பாக அதே அளவு கூடாது. மருந்து வெளியேறும் வழியே சிறுநீரகம்தான். கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்ற கணக்கு) 30 முதல் 49 என்றால் 1 கிராம், 12 மணி கழித்து 1 கிராம். 10 முதல் 29 என்றால் 500 மி.கி. இரண்டு தடவை. 10-க்குக் கீழே 500 மி.கி. ஒரே தடவை, டயாலிசிஸ் நாளில் டயாலிசிஸ் முடிந்த பிறகு. ரிப்போர்ட்டில் உள்ள வெறும் கிரியாட்டினின் எண்ணை நம்பாதீர்கள். எழுபது வயது, 45 கிலோ பாட்டிக்கு 1.2 என்பது கிளியரன்ஸ் கணக்கில் முப்பதுக்குப் பக்கத்தில் வரும், அதே 1.2 முப்பது வயது ஆளுக்கு நார்மல். சந்தேகம் இருந்தால் சீட்டு எழுதிய டாக்டருக்கு ஃபோன் போட்டு வயது, எடை, கிரியாட்டினின் மூன்றையும் சொல்லுங்கள்.

அளவு மீறினால் வரும் கோளாறு வயிற்றில் தெரியாது, தலையில் தெரியும். ஒன்றிரண்டு நாளில் குழறிப் பேசுவார், இல்லாத ஆளைப் பார்த்துப் பேசுவார், கை நடுங்கும். வீட்டில் "பேய் பிடிச்ச மாதிரி பேசுறாங்க" என்று சொல்வார்கள். மருந்தை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போனால் பெரும்பாலும் சரியாகிவிடும், தேவைப்பட்டால் டயாலிசிஸில் எடுத்துவிடுவார்கள். வலிக்கு டைக்ளோஃபெனாக் சேர்த்துக் கொடுப்பதைத் தவிருங்கள், பாரசிட்டமால் போதும். சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களும் அன்றைக்குத் தண்ணீர் நன்றாகக் குடிக்க வேண்டும். டயாலிசிஸ் நோயாளிக்குத் தண்ணீர் அளவு டாக்டர் சொன்னதுதான், அதை நாம் கூட்டச் சொல்லக் கூடாது.

---

மூலக்கடை_தோல்

அந்தரங்க ஹெர்பிஸுக்கு மாத்திரை அதேதான், கணக்கு வேறு. முதல் தடவை என்றால் வாலாசைக்ளோவிர் 1 கிராம் இரண்டு வேளை, அல்லது அசைக்ளோவிர் 400 மூன்று வேளை, 7 முதல் 10 நாள். திரும்ப வருவதற்கு வாலாசைக்ளோவிர் 500 இரண்டு வேளை, மூன்று நாள். உதட்டுச் சீட்டைக் காட்டி ஒருநாள் கோர்ஸ் வாங்கிப் போனால் முதல் தடவைக்காரருக்கு அது எந்த மூலைக்கும் போதாது. அங்கே வரும் புண் சிஃபிலிஸாகவும் இருக்கலாம், அதற்கு அசைக்ளோவிர் கேட்காது. ஸ்டான்லியில் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது, நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். கடையில் மற்றவர்கள் நிற்கும்போது வாய்விட்டு விளக்காமல், ஒரு துண்டுச் சீட்டில் இந்த இரண்டு இடத்தையும் எழுதிக் கொடுங்கள். கர்ப்பிணி என்றால் பழைய சீட்டுக்கு மருந்தே கொடுக்காமல் அவர் பதிந்திருக்கும் ஆஸ்பத்திரிக்கு, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு ஆஸ்பத்திரி என்றால் அங்கேயே, அனுப்புங்கள். முன்பு வந்த விவரம் தெரிந்தால் 36-வது வாரத்திலிருந்து அசைக்ளோவிர் 400 மூன்று வேளை கொடுத்துப் பிரசவ நேரத்தில் புண் இல்லாமல் பார்த்துக்கொள்வார்கள்.

உடம்பின் ஒரு பக்கமாக, இடுப்பிலோ மார்பிலோ பட்டையாக வரும் அக்கியைக் காட்டினாலும் உதட்டுக் கணக்கு வேண்டாம். அதற்கு அசைக்ளோவிர் 800 ஐந்து வேளை, ஏழு நாள். அல்லது வாலாசைக்ளோவிர் 1 கிராம் மூன்று வேளை, ஏழு நாள். 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். காவி பூசி அக்கி எழுதிவிட்டு நாலைந்து நாள் காத்திருந்து வருகிறவர்கள் அந்த 72 மணியையும் இழந்து, மாதக்கணக்கில் நரம்பு வலியோடு அலைகிறார்கள். காவி பூசிக்கொள்கிறவரிடம் வாதாட வேண்டாம், மாத்திரையை அன்றைக்கே ஆரம்பிக்க வைத்தால் சரி.

மருந்து கொடுக்காமல் திருப்பி அனுப்ப வேண்டிய ஆட்கள் இன்னும் சிலர். கண் சிவந்து, வெளிச்சம் பார்க்கக் கூசி, மண் விழுந்த மாதிரி உறுத்தினால் எழும்பூர் கண் ஆஸ்பத்திரி, அன்றைக்கே. 5% தோல் க்ரீம் கண்ணுக்குள் போகவே கூடாது, கண்ணுக்கு 3% களிம்பு தனியாக இருக்கிறது. சிவப்பு கண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு மருந்து நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். கரப்பான் (எக்ஸிமா) உள்ள குழந்தைக்குத் தோலெல்லாம் திடீரென்று ஒரே மாதிரிக் கொப்புளமாக வெடித்தால் அவசரம். காய்ச்சலோடு குழப்பமான பேச்சோ வலிப்போ என்றால் 108. மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர், கீமோ எடுப்பவர், எச்.ஐ.வி. உள்ளவர் ஆகியோருக்குப் பத்து நாள் மாத்திரை போட்டும் புண் பெரிதாகிக்கொண்டே போனால் வைரஸ் மருந்துக்குப் பழகியிருக்கலாம். அசைக்ளோவிர் கேட்காதபோது வாலாசைக்ளோவிருக்கோ ஃபாம்சிக்ளோவிருக்கோ மாற்றிக் கொடுத்துப் பயனில்லை, மூன்றுக்கும் உயிர் கொடுக்க வைரஸின் அதே தைமிடின் கைனேஸ் நொதிதான் வேண்டும். அவர்களை ஏற்கெனவே பார்த்துவரும் ஆஸ்பத்திரிக்கே அனுப்புங்கள்.